வட்ட முத்திரை: மக்னிட்ஸ்கி வழக்கின் காகிதங்கள்

2007 அக்டோபர் மத்தியில் ஹெர்மிடேஜ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நீதிமன்றத்தின் அமீனா. உங்கள் நிறுவனங்கள் மீது தீர்ப்பாகியிருக்கிறதே, என்ன செய்யப்போகிறீர்கள் என்று விசாரித்தார். கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யாரும் தங்கள் மீது வழக்குப் போட்டதாக அவர்களுக்குத் தெரியாது. சம்மன் வரவில்லை. வக்கீல் வைக்கவில்லை. ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் வழக்கு இருந்தது. அவர்கள் சார்பில் ஒரு வக்கீல் ஆஜராகியிருந்தார். கோடிக்கணக்கில் கடன்பட்டிருப்பது உண்மைதான் என்று நீதிபதி முன் ஒப்புக்கொண்டும் இருந்தார்.

ரஷ்யப் பெரும்பணத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் இப்படித் தொடங்குவதில்லை. அவற்றுக்கு ஓர் உல்லாசப் படகு வேண்டும், லண்டனில் மாளிகை வேண்டும், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு பிணமும் வேண்டும். பிணம் இந்த வழக்கிலும் உண்டு: சிறையில் இறந்த செர்கெய் மக்னிட்ஸ்கி என்ற வரி ஆலோசகர். ஆனால் அது விழும் முன்பே 23 கோடி டாலர் கைமாறிவிட்டது. அதற்கு யாரும் முகமூடி அணியவில்லை, சுவர் ஏறிக் குதிக்கவில்லை. எல்லாம் அலுவலக நேரத்தில், உரிய படிவத்தில், உரிய கையெழுத்தோடு நடந்தது. ஆடிட்டர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். இந்த வழக்கை விடாமல் படித்ததற்கு அதுதான் காரணம். எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கும் கோப்பைக் கண்டால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

ஹெர்மிடேஜை நடத்தியவர் பில் ப்ரவுடர். இவருடைய தாத்தா ஏர்ல் ப்ரவுடர் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர். பேரனோ சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு முதலாளித்துவம் தேடி மாஸ்கோவுக்குப் போனார். 1996இல் வங்கியாளர் எட்மண்ட் சஃப்ராவோடு சேர்ந்து நிதியத்தைத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் ரஷ்யப் பங்குச்சந்தையில் மிகப் பெரிய வெளிநாட்டு முதலீட்டாளர் அவர்தான். நிதியத்தின் மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டியது. எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் போன்ற பெரிய நிறுவனங்களின் பங்குகளை வாங்குவார். நிர்வாகத்தினர் சொத்தை எப்படி வெளியே கடத்துகிறார்கள் என்று தோண்டி எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பார். ஊழல் அம்பலமாகும், நிர்வாகம் மாறும், பங்கு விலை ஏறும். இதை அறம் என்று சொல்லலாம், வியாபாரம் என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மை. 2003இல் யூகோஸ் எண்ணெய் நிறுவன அதிபர் கோதர்கோவ்ஸ்கி கைதானபோது அதை வெளிப்படையாக ஆதரித்தவர்களில் ப்ரவுடரும் ஒருவர் என்பதை மறந்துவிடக் கூடாது. புதினின் துடைப்பம் அடுத்தவன் வீட்டைப் பெருக்கும்வரை அவருக்கு அது நல்ல துடைப்பமாகத்தான் தெரிந்தது.

2005 நவம்பரில் ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தில் ப்ரவுடரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்பது காரணம். அவர் நிலைமையைப் புரிந்துகொண்டு ரஷ்யாவில் இருந்த முதலீடுகளைச் சத்தமில்லாமல் விற்றுப் பணத்தை வெளியே எடுத்துவிட்டார். விற்றதில் கிடைத்த லாபத்துக்கு அவருடைய மூன்று துணை நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டுக்குச் சுமார் 540 கோடி ரூபிள் வரி கட்டின. அன்றைய மதிப்பில் 23 கோடி டாலர். அந்த நிறுவனங்களின் பெயர்கள் ரிலெண்ட், மஹாவோன், பர்ஃபெனியோன். சொத்தெல்லாம் போன பிறகு அவை காலிக் கூடுகள். திருட உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்தக் கூடுகளுக்குள் இருந்தது கட்டிய வரியின் நினைவு. திருடர்கள் குறிவைத்தது அதைத்தான்.

கிளிக்குள் இருந்த உயிர்

நம் பாட்டி கதைகளில் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். ரஷ்யப் பாட்டிகளின் கதையில் கஷ்சேய் என்பவனுடைய உயிர் முட்டைக்குள் இருக்கும் ஊசியின் முனையில். ரஷ்ய நிறுவனங்களுக்கு அன்று அந்தக் கிளியும் ஊசியும் வட்ட முத்திரைதான். ஒப்பந்தம், பவர் பத்திரம், வங்கிக்கு எழுதும் கடிதம் எதுவானாலும் கையெழுத்தோடு அந்த ரப்பர் முத்திரையின் வட்டமும் விழ வேண்டும். முத்திரையோடு நிறுவனத்தின் மூலச் சாசனமும் பதிவுச் சான்றிதழும் வரிப் பதிவுச் சான்றிதழும் கையில் இருந்துவிட்டால், பதிவு அலுவலகத்தின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நீங்கள்தான் அந்த நிறுவனம்.

2007 ஜூன் 4 அன்று மாஸ்கோ உள்துறை அதிகாரிகள் ஹெர்மிடேஜ் அலுவலகத்திலும், அதன் சட்ட, வரி ஆலோசகர்களான ஃபயர்ஸ்டோன் டங்கன் அலுவலகத்திலும் ஒரே நாளில் சோதனை நடத்தினார்கள். நடத்தியவர்களில் முக்கியமானவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்த்யோம் குஸ்நெத்சோவ். கமேயா என்ற வேறொரு நிறுவனத்தின் வரி தொடர்பான சோதனை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் எடுத்துப்போன குவியலில் கமேயாவுக்குத் தொடர்பில்லாத ரிலெண்ட், மஹாவோன், பர்ஃபெனியோன் நிறுவனங்களின் முத்திரைகளும் மூலப்பத்திரங்களும் இருந்தன. இது எங்கள் வேலைக்கு வேண்டிய பொருள், திருப்பிக் கொடுங்கள் என்று ஆலோசகர்கள் கேட்டும் அவை திரும்பவில்லை.

சில மாதங்களில் மூன்று நிறுவனங்களுக்கும் புதிய உரிமையாளர் வந்துவிட்டார். கஸான் நகரில் பதிவான புளூட்டோன் என்ற நிறுவனம். அதன் பின்னால் விக்டர் மார்கெலோவ் என்பவர். முன்பே ஆள் இறந்த வழக்கில் தண்டனை பெற்றவர். இப்படி நிறுவனத்தைப் பறிப்பவர்களை ரஷ்யாவில் ரெய்டர்கள் என்பார்கள். இதைச் சோவியத் பாணி என்று எழுதினால் தவறு. சோவியத் காலத்தில் பறிக்கத் தனியார் நிறுவனம் ஏது? ‘ரெய்டெர்ஸ்த்வோ’ என்ற சொல் தொண்ணூறுகளுக்குப் பிறகு ரஷ்ய மொழியில் குடியேறியது. மேற்கத்திய வணிக வழக்கில் அந்தச் சொல் பங்குகளை வாங்கி நிறுவனத்தைக் கைப்பற்றுபவரைக் குறிக்கும். ரஷ்யாவுக்குப் போனதும் வாங்குவது என்ற பகுதி உதிர்ந்துவிட்டது.

வழக்கமான ரெய்டர் நிறுவனத்தைப் பிடுங்கிச் சொத்தை விற்பான். இங்கே விற்கச் சொத்து இல்லை. ஆகவே அடுத்த கட்டம் புதுமையானது. இந்த மூன்று நிறுவனங்களும் பெருந்தொகை தர வேண்டியிருப்பதாகப் பழைய தேதியிட்ட ஒப்பந்தங்கள் முளைத்தன. அவற்றை வைத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, கஸான் நகரங்களின் வணிக நீதிமன்றங்களில் வழக்குகள் போடப்பட்டன. பிரதிவாதி சார்பில் வந்த வக்கீல்கள் ஒரு வாதமும் வைக்காமல் கடனை ஒப்புக்கொண்டார்கள். வாதியும் பிரதிவாதியும் ஒரே குரலில் பேசும்போது நீதிபதிக்கு என்ன வேலை? தீர்ப்புகள் மளமளவென்று வந்தன. நான் தொடக்கத்தில் சொன்ன அமீனா, பாவம், உண்மையாகவே தன் கடமையைச் செய்யப்போய் இந்தப் பானையை உடைத்தவர்.

கடன் தொகையைப் பாருங்கள். மூன்று நிறுவனங்களும் 2006இல் காட்டிய லாபம் சுமார் 97 கோடி டாலர். ரஷ்யாவில் அன்று லாப வரி 24 சதவீதம். 97 கோடியில் 24 சதவீதம் 23 கோடியைச் சற்றே தாண்டும். போலி வழக்குகள் உண்டாக்கிய நஷ்டம் அந்த லாபத்தை முழுசாக விழுங்குமாறு அளந்து தைக்கப்பட்டிருந்தது. லாபம் இல்லையென்றால் வரியும் இல்லை. கட்டிய வரியைத் திருப்பிக் கொடு. நிறுவனத்திடமிருந்து திருட முடியாததை அரசுக் கருவூலத்திலிருந்து திருடுவதற்கு அந்த நிறுவனம் ஒரு சாவியானது. நீதிமன்றத் தீர்ப்பு அந்தச் சாவியின் பல். இதைப் போட்டவருக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

2007 டிசம்பர் தொடக்கத்திலேயே ஹெர்மிடேஜும், நிதியத்தின் அறங்காவலரான எச்எஸ்பிசி வங்கியும் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் உட்பட உயர் அமைப்புகளுக்குப் பக்கம் பக்கமாகப் புகார் அனுப்பிவிட்டன. நிறுவனங்கள் திருடப்பட்டுவிட்டன, பொய் வழக்குகள் போடப்பட்டுள்ளன என்று. நிறுத்துவதற்கு அரசுக்கு மூன்று வாரம் இருந்தது.

டிசம்பர் 24, திங்கட்கிழமை. தொடர் எடுப்பவர்கள் இந்தக் காட்சிக்குக் கிறிஸ்துமஸ் மரமும் பனியும் வைப்பார்கள். ரஷ்யாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7; டிசம்பர் 24 அங்கே சாதாரண வேலை நாள். மாஸ்கோவின் 25ஆம் எண், 28ஆம் எண் வரி அலுவலகங்கள் அன்று 540 கோடி ரூபிளைத் திருப்பித் தர ஒப்புதல் அளித்தன. விண்ணப்பம் வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை என்பது ஹெர்மிடேஜ் தரப்பு. இரண்டு நாளில் பணம் வங்கிக் கணக்குகளில் ஏறியது. பெரும்பகுதி போனது யூனிவர்சல் சேமிப்பு வங்கி என்ற பெரிய பெயர் கொண்ட சின்ன வங்கிக்கு. சில ஆயிரம் ரூபாய் ரீஃபண்டுக்காக மாதக்கணக்கில் கணினியைத் திறந்து திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேகத்தின் பொருள் விளங்கும். வேலை முடிந்ததும் அந்த வங்கியும் 2008இல் கலைக்கப்பட்டுவிட்டது.

காகிதம் படித்தவர்

செர்கெய் மக்னிட்ஸ்கி 1972இல் ஒடெஸ்ஸாவில் பிறந்தவர். மேற்கத்திய ஊடகங்கள் அவரை வக்கீல் என்றே எழுதிவந்தன. ப்ரவுடரும் அப்படித்தான் சொல்வார். உண்மையில் அவர் ஃபயர்ஸ்டோன் டங்கனில் வரி ஆலோசகர், தணிக்கையாளர். இந்தத் திருத்தம் சின்ன விஷயமல்ல. வக்கீல் என்றால் வாதாடுபவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மக்னிட்ஸ்கி செய்தது வேறு. பதிவு அலுவலகங்களுக்கும் வரி அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதி, பதிலை வாங்கி, தேதிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தார். முத்திரை போலீஸ் வசம் இருந்த நாளில் அதே முத்திரை எப்படி ஒரு புதிய பத்திரத்தில் விழுந்தது? கேள்வி அவ்வளவுதான். காகிதங்களால் நடந்த குற்றத்தைக் காகிதம் படிக்கத் தெரிந்தவரால்தான் பிடிக்க முடியும்.

2008 ஜூன் 5 அன்றும் அக்டோபர் 7 அன்றும் அவர் அரசுப் புலனாய்வுக் குழுவிடம் வாக்குமூலம் அளித்தார். அவற்றில் குஸ்நெத்சோவின் பெயரும், கமேயா வழக்கை விசாரித்த பாவெல் கார்ப்போவின் பெயரும் வருகின்றன. நவம்பர் 24 அன்று அவரைக் கைது செய்தார்கள்.

குற்றச்சாட்டு ரீஃபண்ட் மோசடி அல்ல. ஹெர்மிடேஜின் பழைய கல்மிக்கியா நிறுவனங்களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட வரி ஏய்ப்பு. கல்மிக்கியா தெற்கே உள்ள ஏழைக் குடியரசு. முதலீட்டை ஈர்க்க வரிச் சலுகை வைத்திருந்தது, மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்தால் மேலும் சலுகை. ஹெர்மிடேஜ் இரண்டையும் பயன்படுத்தியது. வேலைக்கு வைக்கப்பட்டவர்கள் பெயரளவுக்கே இருந்தார்கள், சலுகைக்காக நடத்திய நாடகம் என்பது அரசின் வாதம். இதை வெறும் ஜோடனை என்று ப்ரவுடர் தள்ளிவிடுகிறார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவ்வளவு எளிதாகத் தள்ளவில்லை. கைதுக்கு நியாயமான சந்தேகம் இருந்தது என்றே 2019இல் சொன்னது. படிப்பவர் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். மக்னிட்ஸ்கியை மாசற்ற புனிதராக்கினால்தான் அவருக்கு நடந்தது அநியாயம் என்று கிடையாது. ஒருவர் மீது வரி வழக்கு இருந்திருக்கலாம். அதற்காகச் சிறையில் சாக வேண்டியதில்லை.

விசாரணைக் கைதியாகவே ஓராண்டுக்கு எட்டு நாள் குறைவாக அவரைச் சிறைகளுக்குள் மாற்றி மாற்றி வைத்தார்கள். விசாரணை தொடங்காமல் ஒருவரைக் காவலில் வைக்கும் வரம்பு ரஷ்யாவில் அதுபோன்ற குற்றச்சாட்டுக்கு ஓராண்டு. 2009 கோடையில் மத்ரோஸ்கயா திஷினா சிறையில் அவருக்குப் பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று மறு ஸ்கேன் என்று குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 25 அன்று, அவரை புத்திர்கா சிறைக்கு மாற்றினார்கள். புத்திர்காவில் ஸ்கேன் வசதி கிடையாது.

அங்கே அவர் செய்தது என்னவென்றால், எழுதியது. கழிப்பறைக் குழியிலிருந்து சாக்கடை நீர் பொங்கித் தரை முழுக்கப் பரவியதை எழுதினார். கைதிகள் கட்டிலிலிருந்து இறங்க முடியாமல் இருந்ததை எழுதினார். மருத்துவர் வேண்டும் என்று எழுதினார். எழுதியதற்கு வந்த மறுப்பையும் இணைத்து அதன் மேல் இன்னொரு மனு எழுதினார். நூற்றுக்கணக்கான மனுக்கள். ஒவ்வொன்றும் தேதியோடு, எண்ணோடு. தணிக்கையாளர் சிறைக்குப் போனால் சிறையையே தணிக்கை செய்கிறார். பிற்பாடு வந்த விசாரணைகளுக்கெல்லாம் முதல் ஆதாரம் அந்த மனுக்கள்தான்.

நவம்பர் 16 மாலை. உடல்நிலை முற்றிலும் மோசமாகி அவரை ஆம்புலன்ஸில் மறுபடியும் மத்ரோஸ்கயா திஷினாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மருத்துவப் பிரிவு இருந்தது. சிகிச்சைக்குப் பதிலாக, கைதி மனநிலை தவறி நடக்கிறார் என்று மனநல அவசரக் குழுவை அழைத்தார்கள். கைவிலங்கு போட்டு ஒரு தனி அறையில் வைத்தார்கள். ரப்பர் தடி பயன்படுத்தப்பட்டதற்குச் சிறையின் சொந்தக் காகிதமே இருக்கிறது. வந்த மனநலக் குழுவை ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறை வாசலில் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே விட்டபோது அவர் தரையில் இறந்து கிடந்தார். வயது 37.

மாஸ்கோவின் சிறைக் கண்காணிப்புக் குழு வலேரி போர்ஷ்சேவ் தலைமையில் டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்தது. இந்தக் குழு அரசுக்கு எதிரான கும்பல் அல்ல, சட்டப்படி அமைந்த அமைப்பு. சிறை ஊழியர்களையும் மருத்துவர்களையும் நேரில் உட்கார வைத்துக் கேட்டவர்கள். 2011 ஜூலையில் அதிபரின் மனித உரிமைக் கவுன்சில், அவர் அடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றது. இரண்டும் ரஷ்ய அமைப்புகள் என்பதை அடிக்கோடிட வேண்டும். மேற்கத்தியச் சதி என்று சொல்பவர்கள் இவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள்.

விசாரணைக்கு வந்தவர் ஒரே ஒருவர்: புத்திர்கா சிறையின் துணைத் தலைவர், மருத்துவத்துக்குப் பொறுப்பானவர். அரசு வழக்கறிஞரே விடுதலை செய்யுங்கள் என்று கேட்க, 2012 டிசம்பர் 28 அன்று நீதிமன்றம் விடுவித்தது. ஆறரை மாதம் கழித்து, 2013 ஜூலை 11 அன்று, மாஸ்கோவின் த்வெர்ஸ்கோய் நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. பிரதிவாதிக் கூண்டு காலி. குற்றவாளிகள் இருவர்: ஒருவர் லண்டனில் இருந்தார், மற்றவர் கல்லறையில். ப்ரவுடருக்கு ஒன்பது ஆண்டு. மக்னிட்ஸ்கி வரி ஏய்த்தவர் என்று முடிவு, இறந்தவர் என்பதால் தண்டனை இல்லை. இறந்தவரின் பெயரைக் களங்கத்திலிருந்து மீட்க உறவினர் கேட்டால் வழக்கைத் தொடரலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் சொல்லியிருந்தது. குடும்பம் கேட்கவில்லை, வேண்டாம் என்று மறுத்தது. குடும்பத்துக்குக் கொடுத்த உரிமையைக் குடும்பத்துக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள்.

பணம் போன வழி

மார்கெலோவ் 2009இல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். 540 கோடி ரூபிளைச் சிலர் துணையோடு ஏமாற்றி வாங்கிவிட்டார், வரி அதிகாரிகள் ஏமாந்துபோனார்கள் என்பது அரசு ஏற்ற கதை. இரண்டு அலுவலகங்களில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் ஏமாந்திருக்கிறார்கள். பணம் எங்கே என்ற கேள்வி தண்டனையோடு அடங்கிவிட்டது.

மாஸ்கோவில் அடங்கிய கேள்வி வெளிநாடுகளில் பேசியது. அலெக்ஸாண்டர் பெரெபிலிச்னி என்ற ரஷ்யத் தொழிலதிபர் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்து, வங்கி ஆவணங்களை ஹெர்மிடேஜுக்கும் சுவிஸ் வழக்கறிஞர்களுக்கும் கொடுத்தார். 28ஆம் எண் வரி அலுவலகத் தலைவி ஓல்கா ஸ்டெபனோவாவின் முன்னாள் கணவருடைய சுவிஸ் கணக்கும் துபாய்ச் சொத்தும் அதில் வெளிவந்தன. அது தன் சொந்தத் தொழில் சம்பாத்தியம் என்றார் அந்தக் கணவர். 2012 நவம்பர் 10 அன்று பெரெபிலிச்னி சர்ரேயில் தன் வீட்டருகே ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். விஷமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இயற்கை மரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2018இல் மரண விசாரணை முடிந்தது. தொடர்களில் இப்படி ஒரு பாத்திரம் நிச்சயம் கொல்லப்பட்டிருப்பார். வாழ்க்கையில் கோப்பு இப்படி அரைகுறையாக மூடப்படுகிறது.

பணம் மால்டோவா, லாட்வியா, லிதுவேனியா, எஸ்டோனியா வங்கிகள் வழியாகச் சிதறியது. எஸ்டோனியாவில் அது புகுந்த இடங்களில் ஒன்று டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் கிளை. பின்னால் பார்த்தால் அந்த ஒரு கிளை வழியாக மட்டும் 2007 முதல் 2015 வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சுமார் 20,000 கோடி யூரோ ஓடியிருந்தது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கியின் சொந்த அறிக்கையே சொன்னது. மக்னிட்ஸ்கி கண்டுபிடித்தது ஒரு வாய்க்கால். அது கலந்தது ஆற்றில்.

நியூயார்க்கில் வாங்கிய சில அடுக்குமாடி வீடுகளில் இந்தப் பணத்தின் ஒரு துளி இருக்கிறது என்று அமெரிக்க அரசு 2013இல் ப்ரெவெஸோன் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2017 மே மாதம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 59 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதன் ரஷ்ய வக்கீல் நதால்யா வெசெல்னித்ஸ்கயா. 2016 ஜூனில் டிரம்ப் டவரில் டிரம்பின் மகனையும் மருமகனையும் சந்தித்தாரே, அவரேதான். அந்தச் சந்திப்பில் குழந்தைத் தத்தெடுப்பு பற்றிப் பேசினோம் என்றார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது மக்னிட்ஸ்கியைப் பற்றிப் பேசியதாகத்தான் அர்த்தம்.

அதற்குக் காரணம் 2012 டிசம்பர். அந்த மாதம் 14 அன்று ஒபாமா மக்னிட்ஸ்கி சட்டத்தில் கையெழுத்திட்டார்: வழக்கில் தொடர்புடைய அதிகாரிகளுக்கு விசா இல்லை, அமெரிக்க வங்கிகளில் சொத்து முடக்கம். இரண்டு வாரத்தில் புதின் பதில் கொடுத்தார்: அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்கத் தடை. அதிகாரிகளின் வங்கிக் கணக்குக்கு விலையாக வைக்கப்பட்டவர்கள் ரஷ்ய அநாதை இல்லங்களில் இருந்த குழந்தைகள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த முதல் பட்டியலில் 18 பெயர்கள். குஸ்நெத்சோவ், கார்ப்போவ், ஸ்டெபனோவா மூவரும் அதில் உண்டு. 2016இல் அமெரிக்கா இதை உலகம் முழுமைக்குமான சட்டமாக்கியது. கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை தங்கள் வடிவங்களைக் கொண்டுவந்தன. 2018இல் ஹெல்சிங்கியில் டிரம்பின் அருகில் நின்றுகொண்டு புதின் ப்ரவுடரின் பெயரைச் சொல்லி அவரை விசாரிக்க வேண்டும் என்றார். ஓர் அணு வல்லரசின் தலைவர் ஒரு நிதியத்தின் முன்னாள் மேலாளரைப் பற்றிப் பேச அந்த மேடையைச் செலவிட்டார் என்றால், சட்டம் எங்கே குத்தியது என்று தெரிகிறது: வெளிநாட்டில் பணத்தை வைக்கும் இடத்தில்.

ப்ரவுடரின் கதை முழுக்க அப்படியே ஏற்கத் தக்கதா? இல்லை. கார்ப்போவ் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 2013 அக்டோபரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கார்ப்போவுக்கு இங்கிலாந்தில் காப்பாற்றிக்கொள்ள நற்பெயரே இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அதே தீர்ப்பில், மக்னிட்ஸ்கியின் சித்திரவதையிலும் கொலையிலும் கார்ப்போவுக்குப் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டை நியாயப்படுத்தும் உண்மைகளை ப்ரவுடர் தரப்பு முன்வைக்கவில்லை என்றும் சொன்னார். மக்னிட்ஸ்கிதான் மோசடியை முதலில் வெளிக்கொண்டுவந்தாரா, வாக்குமூலத்தில் அதிகாரிகளை எவ்வளவு நேராகக் குற்றம்சாட்டினார் என்பதில் ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள் சிலருக்கும் சந்தேகம் உண்டு. அவற்றைப் படித்த பிறகு என் எண்ணம் இது: ப்ரவுடர் கதையைச் சற்று நேராக்கிச் சொல்கிறார், விற்பனையாளர்கள் செய்வதுபோல. ரஷ்ய அரசு கதையைத் தலைகீழாக்குகிறது. மக்னிட்ஸ்கிக்கு விஷம் வைத்ததே ப்ரவுடராக இருக்கலாம் என்று 2018 நவம்பரில் ரஷ்யத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் சொன்னது. ஒன்பது ஆண்டு கழித்து நினைவுக்கு வந்த விஷம்.

2019 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ரஷ்யா மக்னிட்ஸ்கியின் உயிரைக் காக்கத் தவறியது, அவர் சாவைச் சரியாக விசாரிக்கவில்லை, இறந்த பிறகு அவரைத் தண்டித்தது நியாயமான விசாரணைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மனைவிக்கும் தாய்க்கும் சேர்த்து 34,000 யூரோ. சுவிட்சர்லாந்து பத்து ஆண்டு விசாரித்து 2021இல் கோப்பை மூடியது. முடக்கி வைத்திருந்த சுமார் 1 கோடியே 80 லட்சம் ஃப்ராங்கில் 40 லட்சத்தைப் பறிமுதல் செய்து, மீதியை உரியவர்களுக்கே விடுவிக்க முடிவெடுத்தது. 23 கோடி டாலரில் மீண்டதெல்லாம் இப்படிச் சில்லறையாகத்தான் மீண்டது.

2015 ஏப்ரலில் ரஷ்ய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் இனி வட்ட முத்திரை வைத்திருப்பது கட்டாயமில்லை. தொழில் நடத்துவதை எளிதாக்குவதற்காக என்று காரணம் சொன்னார்கள். பல நிறுவனங்கள் இன்னும் முத்திரையை மேசை இழுப்பறையில் பூட்டித்தான் வைத்திருக்கின்றன.